பழைய ரேடியம் மிஷினும் போர்டு ஆர்ட்டிஸ்ட் மகனும்

2025 ஜூன் மாசத்து மழையில நனைஞ்சுகிட்டே, பிம்ப்ரியில இருந்து வாகட் வரைக்கும் ஒரு குட்டி டெம்போவுல வினைல் கட்டிங் மிஷின் ஒண்ணை ஏத்திக்கிட்டு வந்து எறக்கினேன். 24 இஞ்ச். செகண்ட் ஹேண்ட். ஸ்டாண்டோட சேர்த்து 14,000 ரூபாய். வாசல்ல நின்னுகிட்டிருந்த தங்கமணி மிஷினைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, திரும்ப மிஷினைப் பார்த்தாங்க. "இது ஓடுமா?"ன்னு ஒரே ஒரு கேள்வி. "வித்தவர் மஸ்த் ஆஹேன்னு சொன்னாரு"ன்னேன். அதுக்கு மேல ஒண்ணும் பேசாம உள்ள போயிட்டாங்க. பேசியிருந்தாக்கூடப் பரவாயில்லை.

வாங்கினதே அவங்களுக்காகத்தான். (நம்புங்க மக்கா!) வீட்டுல இருந்தபடியே பரிசுப் பெட்டி, பாட்டில், டைரி மேலெல்லாம் பேர் ஒட்டிக் கொடுக்கிற சின்ன வியாபாரம் ஒண்ணு நடத்துறாங்க. எழுத்தை வெளியில வெட்டி வாங்கிறதுலயே பாதிக் காசு போயிடுது. நாமளே ஒரு மிஷின் வெச்சுக்கிட்டா என்னன்னு ஒரு நாள் வாய்விட்டேன். பகல்ல ஹிஞ்சவாடியில பொட்டி தட்டுறவனுக்கு ராத்திரி இதெல்லாம் ஒரு விஷயமான்னு ஒரு மெதப்பு.

மிஷினை வித்தவர் பத்து பதினஞ்சு வருஷமா ரேடியம் கடை வெச்சிருந்தவர். நம்ம ஊர்லயும் சரி, இங்க மராட்டிய நாட்டுலயும் சரி, இந்த வேலைக்கு ரேடியம்னுதான் பேர். அதுல ரேடியம் துளிகூடக் கிடையாது. 1898ல க்யூரி தம்பதி கண்டுபிடிச்ச அந்தச் சமாச்சாரத்தை ஒரு காலத்துல வாட்ச் முள்ளுல தடவி இருட்டுல மின்ன வெச்சாங்க. ராத்திரியில மின்னினா ரேடியம்னு ஆகிப்போச்சு. வண்டி லைட் பட்டதும் பளிச்சுன்னு திருப்பியடிக்கிற ஷீட்டுல இருக்கிறது பொடிப்பொடியான கண்ணாடி மணிகள்தான். இந்தக் கண்ணாடி விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி பிளேடு கதையில வரும்.

அவர் கடையை மூடினதுக்குக் காரணம் நம்பர் பிளேட். 4141ங்கிறதை வளைச்சு நெளிச்சு தேவநாகரியில 'தாதா' மாதிரி, 8055ஐ ஆங்கிலத்துல 'பாஸ்' மாதிரி வெட்டிக் கொடுக்கிறதுதான் அவருக்குச் சோறு போட்டது. (சட்டப்படி தப்புதான். ஆனா புனே ரோட்டுல அரை மணி நேரம் நின்னா நாலு பார்க்கலாம்.) 2019 ஏப்ரல் 1ல இருந்து புது வண்டிக்கெல்லாம் அலுமினியத் தகட்டுல ஹாலோகிராம் வெச்ச உயர் பாதுகாப்பு பிளேட்தான்னு ஆயிடுச்சு. அதுக்கு முன்னாடி வாங்கின பழைய வண்டிகளும் மாத்தணும்னு மகாராஷ்டிரா அரசு முதல்ல 2025 மார்ச் 31ன்னு கெடு வெச்சு, அப்புறம் திரும்பத் திரும்பத் தள்ளிப் போட்டுச்சு. "கெடு தள்ளிப்போனா என்ன சர், கஸ்டமர் போனது போனதுதான்"ன்னு இந்தியும் மராட்டியும் கலந்து சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தார். மிஷினை ஏத்தும்போது ஒரு கை கொடுத்தவர், டெம்போ கெளம்பினப்புறம் நாங்க தெரு முனை திரும்புற வரைக்கும் கடை வாசல்லயே நின்னார்.

இதை அப்பாகிட்ட சொல்லலை. ஏன்னு சொல்லணும்னா கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தணும்.

எங்கப்பா கோவில்பட்டியில போர்டு ஆர்ட்டிஸ்ட். இனாமல் பெயின்ட், பன்னிமுடி பிரஷ், சாக்பீஸ் பொடி தோய்ச்ச நூல். ஒரு முனையை நான் பிடிச்சுக்கணும், இன்னொரு முனையை அவர் பிடிச்சுக்கிட்டு நடுவுல டப்புன்னு சுண்டுவார். போர்டுல வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோட்டுக்கு மேல மளிகைக்கடை, சைக்கிள் கடை, தீப்பெட்டி ஆபீஸ்னு எல்லாம் உட்காரும். பைக் நம்பர் எழுதவும் சாயங்காலம் நாலு பேர் நிப்பாங்க. நான் பத்தாவது படிக்கிறப்போ எங்க பஜார்ல முதல் ஸ்டிக்கர் கட்டிங் மிஷின் வந்துச்சு. கண்ணாடிக் கதவுக்குள்ள ஏசி போட்டு வெச்சிருந்தாங்க. முதல்ல பைக் நம்பர் போச்சு, அப்புறம் கண்ணாடியில எழுதுறது போச்சு, மிச்சத்தை ஃப்ளெக்ஸ் பேனர் வந்து அள்ளிக்கிட்டுப் போச்சு. 2006ல பிரஷ்ஷை எல்லாம் டர்பன்டைன்ல கழுவி, துணியில சுத்தி, பரண்ல போட்டார். அதுக்கப்புறம் அந்தக் கடை வழியா வீட்டுக்கு வர மாட்டார். ரெண்டு தெரு சுத்தித்தான் வருவார்.

அந்த மிஷினோட தம்பியைத்தான் நான் வாங்கி வீட்டுல வெச்சிருக்கேன். போன்ல எப்படிச் சொல்றது?

சரி, மிஷினுக்கு வருவோம். முதல் ராத்திரியே பல்பு. பின்னாடி ஒன்பது பின் சீரியல் போர்ட் மட்டும்தான் உயிரோட இருந்துச்சு, யு.எஸ்.பி. சாக்கெட் செத்துப் போயிருந்தது. லேப்டாப்புல சீரியல் போர்ட் ஏது? நடுவுல ஒரு கன்வெர்டர் கேபிள் வேணும். அவரே ஒண்ணு கொடுத்திருந்தார். சொருகினா டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் முக்கோணம். உள்ள இருந்தது போலி சிப், டிரைவர் அதை ஏத்துக்க மாட்டேங்குது. இந்தப் போலி சிப் தகராறு உலகப் பிரசித்தம். 2014 அக்டோபர்ல எஃப்.டி.டி.ஐ. கம்பெனி விட்ட ஒரு டிரைவர், போலி சிப்போட அடையாள எண்ணையே பூஜ்யமா மாத்தி வெச்சு, அதை எந்தக் கம்ப்யூட்டரும் கண்டுக்காதபடி ஆக்கிடுச்சு. ஊரெல்லாம் கத்தினதும் வாபஸ் வாங்கினாங்க. நம்ம கேபிளை நான் குப்பையில போட்டேன்.

புது கேபிள் வாங்கினேன். மிஷின் பேசுச்சு. தங்கமணி பேரை வெட்டினேன், அழகா வந்துச்சு. உடனே கெத்தா ஒரு பெரிய பூ டிசைனைக் கொடுத்தேன். பாதி வரைக்கும் சமத்தா வெட்டிட்டு, திடீர்னு பூவுக்குக் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்துச்சு பாருங்க. அப்புறம் கண்டபடி ஓடுது. பவரைப் பிடுங்கினாத்தான் நின்னுச்சு. திரும்ப வெட்டினா வேற இடத்துல பேய் பிடிக்குது. சின்னப் பேர் எத்தனை தடவை வெட்டினாலும் சரியா வருது, பெருசு மட்டும் கெட்டுப்போகுது.

ரெண்டு நாள் ராத்திரி தூங்கலை. மூணாவது நாள் ஆபீஸ் பஸ்ல உட்கார்ந்திருக்கும்போதுதான் மண்டையில உறைச்சது. பொட்டி தட்டுறவனுக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கணும். கம்ப்யூட்டர் வேகமாச் சொல்லுது, கத்தி மெதுவா வெட்டுது. நடுவுல மிஷினுக்குன்னு ஒரு சின்ன நினைவகம். அது ரொம்பினதும் "இரு, இரு"ன்னு மிஷின் கை காட்டணும், கம்ப்யூட்டர் நிறுத்தணும். அந்தக் கை காட்டுற வேலைக்கு 7, 8ன்னு ரெண்டு பின் இருக்கு. மென்பொருள்ல ஃப்ளோ கன்ட்ரோலை 'ஹார்ட்வேர்'னு வெச்சாத்தான் அதைக் கவனிக்கும். நான் அந்த செட்டிங்கை மாத்திப் பார்த்தும் தீரலை. கேபிளை அறுத்துப் பார்த்தா உள்ள மூணே மூணு கம்பி! அனுப்ப ஒண்ணு, வாங்க ஒண்ணு, எர்த்துக்கு ஒண்ணு. 7ம் 8ம் சும்மா அலங்காரத்துக்கு நிக்குது. மிஷின் கத்திக் கத்திச் சொல்லியிருக்கு, கேட்கத்தான் கம்பி இல்லை. புத்வார் பேட் தாப்கீர் கல்லியில எல்லாக் கம்பியும் இருக்கிற கேபிளா, மல்டிமீட்டர் வெச்சு பீப் பீப்னு பார்த்து வாங்கிட்டு வந்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பேய் அன்னைக்கே எறங்கிருச்சு.

இந்த மிஷின் எல்லாம் பேசுற பாஷை எச்.பி.ஜி.எல். ஹ்யூலெட் பேக்கார்டு கம்பெனி பேனா பிளாட்டருக்காக 1970கள்ல உண்டாக்கினது. பேனா இருந்த இடத்துல கத்தியை வெச்சுட்டாங்க, அவ்வளவுதான். பேனாவைத் தூக்கு, அந்த இடத்துக்குப் போ, பேனாவை எறக்கு, இந்த இடத்துக்குப் போ. மொத்தப் பாஷையும் இந்த மாதிரிதான். ஒரு மில்லிமீட்டருக்கு 40 படி. அதாவது 4000ன்னு சொன்னா 100 மி.மீ. நோட்பேடுல அஞ்சு வரி எழுதி 100 மி.மீ. சதுரம் போடச் சொல்லி, ஸ்கேல் வெச்சு அளந்து பார்க்கலாம். கத்திக்குப் பதிலா ஒரு பேனா ரீஃபிளை மாட்டிட்டா வினைலும் வீணாகாது. மூலைவிட்டம் ரெண்டும் 141.4 வந்தா சதுரம் சதுரமா இருக்கு. எனக்கு ஷீட் ஓடுற திசையில 98தான் வந்துச்சு. மேல அமுக்குற ரப்பர் உருளையில வருஷக்கணக்கா வினைல் பசையும் தூசியும் சேர்ந்து வழுக்குது. சோப்புத் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால தொடைச்சேன். கீழ இருக்கிற சொரசொரப்பான உருளையைப் பழைய டூத் பிரஷ் வெச்சு நோண்டி எடுத்தேன், கலர் கலரா வந்துச்சு. 100 வந்துச்சு. சில பேர் இதுக்குத் தின்னர் போடுவாங்க. ரப்பர் இறுகிடும், வேண்டாம்.

இந்த எழுத்து வெட்டுற மிஷினை முதல்ல சந்தைக்குக் கொண்டு வந்தது அமெரிக்காவுல கெர்பர்னு ஒரு கம்பெனி, 1980களோட தொடக்கத்துல. அதை ஆரம்பிச்ச ஜோசஃப் கெர்பர் 1924ல வியன்னாவுல பிறந்த யூதர், நாஜிகள்கிட்ட இருந்து தப்பி அமெரிக்கா போனவர். காலேஜ்ல படிக்கும்போது பைஜாமாவுல இருக்கிற எலாஸ்டிக்கை உருவி, அதுல கோடு போட்டு, இழுத்தா நீளுற ஸ்கேல் ஒண்ணு பண்ணாராம். அதுல இருந்து ஆரம்பிச்சதுதான் அவர் கம்பெனி. எலாஸ்டிக்குக்கும் எங்க கோவில்பட்டி பஜாருக்கும் நடுவுல இப்படி ஒரு நூல் ஓடுது.

அடுத்தது கத்தி. இதுலதான் புதுசா வாங்குறவங்க எல்லாரும் வழுக்கி விழுறாங்க. கத்தி ஆழமா எறங்கினா நல்லா வெட்டும்னு நினைச்சு வெளியில நீட்டி வெச்சுடுறது. சாதாரண வினைல் கிட்டத்தட்ட 80 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டர்ல பன்னெண்டுல ஒரு பங்குகூட இல்லை. அதுக்குக் கீழ பசை, அதுக்கும் கீழ சிலிக்கான் தடவின காகிதம். வினைலை அறுக்கணும், காகிதத்தை அறுக்கக் கூடாது. ஹோல்டரைக் கையில எடுத்து, பேனா மாதிரி பிடிச்சு, வேஸ்ட் துண்டுல அமுக்கி இழுத்துப் பாருங்க. உரிச்சா காகிதத்துல நகம் பட்ட மாதிரி லேசான கீறல் தெரியணும். பின்பக்கம் தெரியக் கூடாது. அவ்வளவுதான் நீட்டணும். கையால தெரிஞ்சுக்கிட்டதுக்கு அப்புறம்தான் மிஷின்ல மாட்டி, அழுத்தத்தை 70, 80 கிராம்னு ஆரம்பிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும்.

இன்னொண்ணு ஆஃப்செட். கத்தி முனை நட்ட நடுவுல இருக்காது, கால் மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். ஆபீஸ் நாற்காலிச் சக்கரம் மாதிரி, இழுத்த பக்கம் திரும்பிப் பின்னாலயே வரும். இந்த 0.25ஐ மென்பொருள்லயோ மிஷின்லயோ சொல்லணும். சொல்லலைன்னா மூலையெல்லாம் உருண்டுபோகும், வட்டம் முடியுற இடத்துல ஒட்டாம நிக்கும். ரெண்டு இடத்துலயும் சொன்னா இன்னும் மோசம், மூலைக்கு மூலை வால் முளைக்கும். நான் ரெண்டு இடத்துலயும் சொல்லியிருந்தேன். ஹிஹி.

வித்த அண்ணன் பல வருஷம் கண்ணாடி மணி ஷீட்டையே வெட்டினவர். அது பிளேடைச் சீக்கிரம் தின்னுடும். மழுங்கின பிளேடை மாத்தாம, அழுத்தத்தை ஏத்தி ஏத்தியே ஓட்டியிருக்கார். விளைவு, கத்தி ஓடுற பாதைக்குக் கீழ இருக்கிற வெள்ளைப் பட்டி ஒரே பள்ளம். பட்டியில பள்ளம் இருந்தா கத்தி அந்த இடத்துல சரியா அழுந்தாது, எழுத்து விட்டு விட்டுத்தான் வெட்டும். எவ்வளவு நல்ல பிளேடு போட்டாலும் பிரயோஜனமில்லை. பழசைச் சுரண்டி எடுத்துட்டு டெஃப்லான் டேப் ஒட்டினேன்.

இதெல்லாம் முடியவே ஜூலை பாதி ஆயிருச்சு. அந்த நேரம் பார்த்து ஒரு ஆர்டர் வந்துச்சு. எங்க குடியிருப்புல ஒரு பையன் டோல் தாஷா குழுவுல இருக்கான். புனேக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கணபதி பண்டிகைக்கு ரெண்டு மாசம் முன்னாடியே முட்டா நதிக் கரையோரம் சாயங்காலமானா டோல் சத்தம்தான். அவங்க குழுப் பேரை 40 டோல் மேல ஒட்டணும். கூடவே மண்டலுக்கு ஒரு பெரிய 'கணபதி பாப்பா மோரயா'. ஆகஸ்ட் 27 சதுர்த்தி, அதுக்குப் பத்து நாள் முன்னாடி வேணும். தங்கமணி சரின்னு சொல்லி அட்வான்ஸும் வாங்கிட்டாங்க. அவங்க வாங்கின முதல் பெரிய ஆர்டர் இது. மிஷின் காலை வாரினா முகத்துல முழிக்க முடியாது.

கணபதி பாப்பாவை முதல்ல வெட்டினேன். ரெண்டடி நீளம், காவி கலர். ஓரத்தை உரிச்சா எழுத்தும் துண்டு துண்டா கூடவே வருது! மராட்டி எழுத்துக்குத் தலைக்கோடு உண்டு இல்லையா, ஒவ்வொரு எழுத்தோட கோடும் பக்கத்து எழுத்தோட கோட்டு மேல கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும். ஸ்கிரீன்ல பார்க்க ஒரே கோடு. கத்திக்குக் கண்ணில்லை. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியா சுத்தி வெட்டிட்டுப் போயிடுச்சு. வெட்டுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒண்ணா உருக்கணும். கோரல் டிராவுல வெல்ட், இங்க்ஸ்கேப்புல யூனியன். தமிழ்லயும் சில ஃபான்ட்ல இது உண்டு, கொம்பும் சுழியும் எழுத்து மேல ஏறி நிக்கும். மூணு மீட்டர் வினைல் போச்சு. அதை வெட்டிப் பையன் கிராஃப்ட் பாடத்துக்குக் கொடுத்தோம்.

வெல்ட் பண்ணி வெட்டினா அடுத்த கூத்து. இடது பக்கம் வெட்டுது, வலது பக்கம் கடைசி அரையடியில கத்தி எறங்கவே இல்லை. மேலாக ஓடுது, கோடு இல்லை. முதல்ல நம்ம டெஃப்லான் டேப்பைத்தான் சந்தேகப்பட்டேன், பிரிச்சு ஒட்டினேன். ஊஹூம். பேனா மாட்டிப் பார்த்தா பேனாவும் அங்க எறங்கலை. அப்போ பட்டி காரணம் இல்லை. கத்தியைக் கீழ தள்ளுற காயிலுக்கு அந்த இடத்துல மட்டும் கரன்ட் போகலை. ஏன்? தலைப்பகுதி இடமும் வலமும் ஓடும்போது கூடவே ஒரு தட்டையான ரிப்பன் கேபிள் மடங்கி மடங்கி ஓடுது. லட்சக்கணக்கான தடவை மடங்கினா உள்ள இருக்கிற தாமிரத் தகடு விரிசல் விடும். ஒரு வாக்குல மடங்கும்போது ஒட்டிக்கும், இன்னொரு வாக்குல பிரியும். கேபிளைக் கழட்டி மல்டிமீட்டர்ல ரெண்டு முனையையும் தொட்டுக்கிட்டு, தங்கமணியை மெதுவா மடக்கச் சொன்னேன். ஒவ்வொரு கம்பியா... பீப், பீப், பீப்... ஆறாவதுல ஒரு இடத்துல சத்தம் நின்னுச்சு. அந்த ஒரு நொடி சந்தோஷம் இருக்கே, ஆபீஸ்ல ஆணி புடுங்கி ஒரு நாளும் கெடைச்சதில்லை.

கேபிள் வாங்கும்போது மூணு விஷயம் பார்க்கணும்: எத்தனை கம்பி, கம்பிக்குக் கம்பி இடைவெளி, நீளம். மூணும் பார்த்துத்தான் வாங்கினேன். நாலாவது ஒண்ணு இருக்குன்னு வீட்டுக்கு வந்துதான் தெரிஞ்சுது. ரெண்டு முனையிலயும் தாமிரம் ஒரே பக்கம் தெரியுதா, எதிர் எதிர் பக்கமான்னு பார்க்கணும். நான் எதிர் பக்கம் வாங்கிட்டு வந்திருந்தேன். மறுபடி தாப்கீர் கல்லி, மறுபடி மழை. கடைக்காரருக்கு இப்ப என் மூஞ்சி நல்லாப் பழகிருச்சு.

மழைன்னதும் இன்னொண்ணு. ஈரத்துல பின்காகிதம் தண்ணியைக் குடிச்சு உப்பி, வினைல் அலை அலையா எழும்பும். ரோலைப் பிளாஸ்டிக் பையில சுத்தி நிமிர்த்தி வெச்சுட்டா தீர்ந்தது. வெட்டப்போற அளவை முன்னாடியே ரோல்ல இருந்து உருவித் தொங்க விடணும், மிஷினையே இழுக்க விட்டா கோணும். மிஷின் உடம்பைத் தொட்டா சுருக்குன்னு ஏதோ கடிச்சுது, அதுக்கும் காரணம் சாதாரணமானதுதான். எர்த் இல்லாத ரெண்டு பின் அடாப்டர்ல சொருகியிருந்தேன். அதைத் தூக்கிப் போட்டு மூணு பின் சாக்கெட்டுல நேரா மாட்டினதும் கடிக்கிறதை விட்டுச்சு. வீட்டுல சின்னப் பையன் இருக்கான், முதல் நாளே பண்ணியிருக்கணும்.

ஆகஸ்ட் 16 சனிக்கிழமை ராத்திரி 40ஐயும் முடிச்சோம். வெட்டுறது மிஷின்; வேண்டாததை ஊசி வெச்சு நோண்டி எடுக்கிறது நாங்க ரெண்டு பேரும். முதுகு கழண்டு போச்சு. குழுப் பையன் காசு கொடுத்துட்டு, ஊர்வலத்தன்னிக்கு வாங்கன்னு கூப்பிட்டான். லக்ஷ்மி ரோட்டுக் கூட்டத்துல நின்னு பார்த்தோம். டோல் அடிக்கிற அடியில ஸ்டிக்கர் பிய்ஞ்சு விழுந்துடுமோன்னு நான் அதையே பார்த்துக்கிட்டிருந்தேன். தங்கமணி மட்டும் சாமியைப் பார்த்தாங்க.

தீபாவளிக்கு அப்பா வந்தார். வர்றதுக்கு முதல் நாள் மிஷின் மேல பெட்ஷீட்டைப் போட்டு மூடலாமான்னு கேட்டேன். தங்கமணி, "மூடுங்க, ஆனா நாளைக்கு எனக்கு முப்பது பெட்டி டெலிவரி"ன்னு சொல்லிட்டாங்க. மூடலை.

வந்த அன்னைக்கு அந்த ரூம் பக்கமே வரலை. ஹால்ல உட்கார்ந்து பேப்பர் படிச்சார். மறுநாள் தங்கமணி வெட்ட ஆரம்பிச்சதும் சத்தம் கேட்டு வாசல்படியில வந்து நின்னார். நான் என்ன சொல்றதுன்னு தெரியாம, "பழசுதான்ப்பா, 14,000"ன்னேன். ஏதோ விலைதான் பிரச்னைங்கிற மாதிரி.

பதில் சொல்லலை. ரொம்ப நேரம் நின்னு பார்த்தார். வெட்டி முடிஞ்ச ஷீட்டை எடுத்துக் கண்ணுகிட்ட கொண்டு போய், "ரெண்டு எழுத்துக்கு நடுவுல எடம் ஏன்யா இப்படி ஒரே அளவா விட்டிருக்க?"ன்னார்.

"கம்ப்யூட்டரே விடுதுப்பா."

"டகரத்துக்குப் பக்கத்துல ஒரு பக்கம் தொறந்து கெடக்குல்லா. அங்க கொஞ்சம் நெருக்கி வைக்கணும். அளந்தா சரியா இருக்கும், பார்த்தா சரியா இருக்காது."

அப்புறம் தங்கமணிகிட்ட, "அந்த ஊசியக் குடும்மா"ன்னு வாங்கி, கட்டில் ஓரத்துல உட்கார்ந்து வேண்டாததை உரிக்க ஆரம்பிச்சார். நாங்க சுழிக்குள்ள இருக்கிற துளியை ஒண்ணொண்ணா நோண்டுவோம். அவர் வெளியில இருக்கிறதை ஒரு மூலையில பிடிச்சு, ஷீட்டோடயே படிய மடக்கி, ஒரே இழுப்புல சாய்ச்சு இழுத்தார். எழுத்து ஒண்ணும் அசையலை. 76 வயசு, கை நடுங்குது, ஆனா அதுல நடுங்கலை. ஆறாவதோ ஏழாவதோ உரிக்கும்போது நிறுத்தி, மிஷினைத் திரும்பிப் பார்த்தார்.

"பிளேடு மழுங்கிட்டு. மொத ஷீட்டு வெட்டும்போது இருந்த சத்தம் இப்ப இல்ல."

நான் உரிச்ச ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். மூலைங்கள்ல வினைல் அறுபடாம நார் மாதிரி தூக்கிக்கிட்டு நின்னுச்சு. மேஜை டிராயர்ல புது பிளேடு ரெண்டு இருந்தது. மாத்தினேன். 45 டிகிரி, சாதாரண வினைலுக்கு அதுதான். ஹோல்டரை அவர் கையிலயே கொடுத்து, வேஸ்ட் துண்டுல இழுத்துப் பார்க்கச் சொன்னேன். பிரஷ் பிடிக்கிற மாதிரியே சுண்டுவிரலை ஊணிக்கிட்டு இழுத்தார். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் தடவிப் பார்த்துட்டு, கால் சுத்து உள்ள தள்ளச் சொன்னார்.